காலம் கடந்த ஃபிலிமும் காங்கயத்து வெயிலும்

06.01.2024
மூடப்பட்ட ஒரு ஸ்டுடியோவின் குளிர்பெட்டியில் கிடந்த போலராய்டு டைப் 55 (எடுத்த இடத்திலேயே அச்சுப்படமும் நெகட்டிவும் தரும் உடனடி ஃபிலிம்) பெட்டியும் வெல்வியா 50 ஸ்லைடு ஃபிலிம் (நெகட்டிவாக அன்றி நேரே வண்ணப்படமாகவே விழும் ஃபிலிம்) பெட்டியும் இன்று கைக்கு வந்தன. இரண்டுமே நாலுக்கு ஐந்து அங்குலத் தாள்கள். உடனடி ஃபிலிம் தயாரிப்பை நிறுத்தப்போவதாகப் போலராய்டு 2008இல் அறிவித்துவிட்டதால், இந்த டைப் 55 எப்படிப் பார்த்தாலும் பழைய சரக்குதான். அதில் எனக்குக் கவலை தருவது ஒளி உணரும் பூச்சு அன்று, ஓரத்தில் ஒட்டியிருக்கும் சிறு பைதான்: அதிலுள்ள காரக்கூழ் உலர்ந்துவிட்டால், மற்றவை எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை.

07.01.2024
காங்கயம் பக்கத்துக் கொறங்காடு (வேலியிட்ட மேய்ச்சல் நிலம்) ஒன்றில் கிளுவை வேலியையும் அதன் பின்னே நின்ற வெள்வேல மரத்தையும் எடுத்தேன். உடனடி ஃபிலிம் தாளைக் கேமராவில் பிடித்துவைக்கும் 545 ஹோல்டரின் லிவரைத் திருப்பி, தாளைத் தயங்காமல் ஒரே இழுப்பில் உருவினால்தான் உருளைகள் பையை உடைத்துக் கூழைச் சீராகப் பரப்பும். இருபது விநாடி கழித்துப் பிரித்தபோது வேலியின் முட்கள் ஒவ்வொன்றும் துல்லியமாகத் தெரிந்தன. கூழ் எட்டாத மேல்மூலை மட்டும் முக்கோணமாக வெறுமையாய் நின்றது. தோட்டத்துப் பெரியவர் எட்டிப் பார்த்து, "ஏங்கண்ணு, மானம் எங்க போச்சு?" என்றார். வீட்டில் நெகட்டிவைச் சோடியம் சல்ஃபைட் கரைசலில் இட்டதும் கறுப்புப் பசை கழன்று வந்தது. அதிலும் அந்த மூலையில் வானம் இல்லை.

16.01.2024
மாட்டுப் பொங்கல். வெல்வியாவில் ஒரு மயிலைப் பூச்சிக்காளை (வெண்சாம்பல் நிறப் பொலிகாளை). கொம்புக்கு வர்ணம் பூசும்வரை அசையாமல் நின்றது.

21.01.2024
ஸ்லைடு ஃபிலிமுக்கான ஈ-6 ரசாயன முறையில், 38 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் கழுவியாயிற்று. காளையின் திமில் கருமை கருஞ்சிவப்பாக வெளுத்திருக்கிறது. நிழல்களிலும் அதே மெஜந்தா சாயல். காலாவதியான பத்தாண்டுக்கு ஒரு ஸ்டாப் (அதாவது இருமடங்கு ஒளி) கூட்டிக் கொடு என்னும் வழக்கமான அறிவுரை நெகட்டிவுக்கு உரியது, ஏனெனில் அங்கே மூப்பினால் படியும் மூட்டத்தைக் கூடுதல் ஒளியால் தாண்டலாம். ஸ்லைடில் நடப்பது தலைகீழ்: மூட்டமேறிய துகள்கள் ஒளி படாமலே முதல் டெவலப்பரில் கறுத்துப்போய், பின்னர் அவ்விடத்தில் சாயம் உருவாக வழியில்லாமல் செய்துவிடுகின்றன. ஏற்கெனவே மெலிந்த படத்துக்கு மேலும் ஒளி கொடுத்தால், மயிலையின் வெள்ளை முதுகுதான் முதலில் காணாமற்போகும். ஆகவே மிச்சத் தாள்களைப் பெட்டியில் குறித்துள்ள ஒளியுணர் வேகத்திலேயே எடுப்பதென்று, கருமையைப் பெரிதும் நம்பியிராத சுண்ணாம்புச் சுவர்களுக்கும் காய்ந்த கொழுக்கட்டைப்புல் வெளிகளுக்கும் ஒதுக்கியிருக்கிறேன்.