செவலையும் புழக்கடைத் தென்னையும்

6 அக்டோபர் 2024, ஞாயிறு
அம்மாபேட்டை, சேலம்

செவலை வீட்டுக்கு வந்துவிட்டான். தெருநாய் போட்ட குட்டிதான். பல்லைப் பார்த்துவிட்டு, இரண்டரை மாதம் இருக்கும் என்றார் கால்நடை டாக்டர். தடுப்பூசிகள் எல்லாம் முடியும்வரை தெருவில் இறக்கக் கூடாதாம். குட்டிகளின் உயிரையே பறிக்கும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆக, இப்போதைக்கு அவனுக்குப் புழக்கடை மட்டும்.

அத்தைக்கு வாசலைப் பற்றித்தான் கவலை. விடியற்காலையில் சாணம் தெளித்துக் கோலம் போடுகிற இடம், அங்கே அவன் போய்விடக் கூடாது. நியாயம்தான். ஒண்ணுக்கு, ரெண்டுக்குப் போகத் தென்னை மரத்தடியை அவனுக்கு ஒதுக்கினோம். வீட்டில் எல்லோருக்கும் ஒரே ஏற்பாடு: பின்கதவு, தென்னை மரம், 'ஒண்ணுக்குப் போ' என்ற ஒரே சொல். ஆளுக்கொரு கதவு, ஆளுக்கொரு சொல் என்று இருந்தால் குட்டி எதைத்தான் பிடித்துக்கொள்ளும்?

9 அக்டோபர், புதன்

தூங்கி எழுந்ததும் ஒரு தடவை, தின்று முடித்த சற்று நேரத்தில் ஒரு தடவை, விளையாடி ஓய்ந்ததும் ஒரு தடவை, படுக்கும் முன் ஒரு தடவை. இதற்கு நடுவிலும் தூக்கிக்கொண்டு போகத்தான் வேண்டியிருக்கிறது. குட்டிக்கு எத்தனை மாதமோ, ஏறக்குறைய அத்தனை மணி நேரம்தான் அடக்க முடியும். சாப்பாடு மூன்று வேளையும் நேரம் தவறாமல் வைக்கிறோம். உள்ளே போவது நேரத்துக்குப் போனால் வெளியே வருவதும் நேரத்துக்கு வரும்.

அவன் முகத்தைவிட மூக்கைப் பார்க்க வேண்டும். விளையாட்டைப் பாதியில் விட்டுவிடுவான். மூக்கு தரையோடு ஒட்டிப் போகும். கிரைண்டருக்குப் பின்னால் போய் ஒரே இடத்தைச் சுற்றுவான், பின்னங்கால் லேசாக மடங்கும். அந்த நொடியில் தூக்கினால் மரத்தடி, விட்டால் மொசைக் தரை. இதை வீட்டில் முதலில் கண்டுபிடித்தது என் மகன்தான்.

மரத்தடியில் முடித்த உடனே, அங்கேயே நின்று ஒரு துணுக்கு வேகவைத்த ஈரல் கொடுக்கிறோம். உள்ளே வந்தபின் கொடுத்தால், உள்ளே வந்ததற்குத்தான் கிடைத்தது என்று நினைப்பான். அப்புறம் கொஞ்ச நேரம் அங்கேயே ஓட விடுகிறோம். முடித்த கையோடு உள்ளே கூட்டி வந்தால், வெளியே இருக்க ஆசைப்பட்டு அடக்கி வைக்கப் பழகிவிடும்.

14 அக்டோபர், திங்கள்

பூஜை அறைப் படியில் ஒண்ணுக்குப் போய்விட்டான். பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மாமா, "மூக்கைப் புடிச்சு அதுலயே தேய்ங்க, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றார். எனக்கு முன்னால் அத்தை பதில் சொல்லிவிட்டார்: "பச்சப் புள்ள பாய நனைச்சா அப்படியா பண்ணுவோம், கண்ணு?"

அடிபட்ட நாய் கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: மனிதர் எதிரில் போகக் கூடாது. அதன்பின் கட்டிலுக்கு அடியிலும் பீரோ மறைவிலும் போகும், மரத்தடிக்கு நம்மோடு வந்தாலும் போகாது. முடிந்துபோன காரியத்துக்கு எதற்காகத் திட்டு விழுகிறது என்று அதற்குப் புரியவும் புரியாது.

துடைப்பதிலும் விஷயம் இருக்கிறது. பினாயில் வாசம் நமக்குத்தான் சுத்தம். அடியில் இருக்கும் மூத்திர வாடை அவன் மூக்குக்குத் தெரியும், மறுபடி அங்கேயே போவான். அமோனியா கலந்த திரவம் இன்னும் மோசம், அதற்கே மூத்திர வாடை. நாய்ப் பொருள் விற்கும் கடையில் அந்த வாடையையே சிதைக்கும் என்சைம் கலந்த திரவம் வாங்கினோம். துடைத்த துணியைத் தென்னை மரத்தடியில் போட்டுவைத்தேன், அந்த வாடை அங்கேதான் இருக்க வேண்டும்.

22 அக்டோபர், செவ்வாய்

ராத்திரிக்குப் பழைய மாம்பழப் பெட்டியைப் படுக்கவைத்து, உள்ளே அத்தையின் நூல் சேலையை விரித்திருக்கிறோம். படுக்கிற இடத்தை நாய் அசுத்தம் செய்ய விரும்பாது. பெட்டி அவன் அளவுக்கு இருப்பதால் முனகி எழுப்புகிறான். முனகினால் விளக்கைப் போடாமல், கொஞ்சாமல், மரத்தடி, மறுபடி பெட்டி. பகலில் தண்ணீர் எப்போதும் இருக்கும், படுப்பதற்கு முன்னால்தான் எடுத்துவைக்கிறோம்.

31 அக்டோபர், தீபாவளி

வெடிச் சத்தம் தாங்காமல் கட்டிலடியில் நடுங்கிக்கொண்டே ஒண்ணுக்குப் போய்விட்டான். இதைப் பழக்கம் கெட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பயம் வேறு, பழக்கம் வேறு. ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை வேகமாக வைத்து, என் கணவர் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

10 நவம்பர், ஞாயிறு

அவர் வேலை செய்வது செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில். அங்கிருந்து நாலைந்து சலங்கை மணிகள் கொண்டுவந்தார். பின்கதவில் அவன் மூக்கு உயரத்துக்குக் கட்டியிருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் அவன் மூக்கால் மணியைத் தொட்ட பிறகுதான் கதவு திறக்கும்.

2 டிசம்பர், திங்கள்

ஃபெஞ்சல் புயல் மழை இங்கேயும் கொட்டுகிறது. ஏற்காட்டில் பெருமழை, மலைப்பாதையில் மண்சரிவு. செவலை வாசற்படியிலேயே நின்றுகொண்டான். கால் நனைவது அவனுக்குப் பிடிக்கவில்லை. பரிதாபப்பட்டு இன்று மட்டும் கழிவறையில் விடலாமா என்றான் மகன். வேண்டாம் என்றேன். குடையோடு நானும் நனைந்துகொண்டு நின்றேன். வெகுநேரம் கழித்துப் போனான், ஈரல் இரண்டு துண்டாகக் கிடைத்தது. நாங்கள் உள்ளே போய்த் துவட்டிக்கொண்டபின், சாயங்காலம் அவனே மணியை அடித்தான்!

18 ஜனவரி 2025, சனி
நாகலூர், ஏற்காடு

பொங்கல் லீவுக்கு அண்ணி வீட்டுக்கு வந்திருக்கிறோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏற வேண்டும் என்பதால் செவலைக்குக் காலையில் சாப்பாடு வைக்கவில்லை. இங்கே களத்தில் காப்பிக்கொட்டை காய்கிறது, அதன்மேல் அவன் போனால் என்னாவது?

நம் வீட்டில் தெரிந்தது அடுத்த வீட்டில் தெரியும் என்று நாயிடம் எதிர்பார்க்க முடியாது. அதனால் வண்டியை விட்டு இறங்கியதும் வீட்டுக்குள் விடாமல், கயிற்றோடு நேரே சில்வர் ஓக் மரத்தடிக்குக் கூட்டிப்போனேன். அதே சொல். போனான். இன்று காலை அண்ணியே கயிற்றை வாங்கிக்கொண்டு, "என்னன்னு சொல்லணும்?" என்று கேட்டார். சொல்லிக்கொடுத்தேன். ஈரலுக்குப் பதில் வேகவைத்த முட்டை. மணியை இந்தப் பின்கதவிலும் கட்டியாயிற்று, ஆனால் அவன் இன்னும் தொடவில்லை. ஊருக்குத் திரும்பும்வரை நேரம் பார்த்து நாங்களேதான் கூட்டிப்போக வேண்டும்.