மண்ணுக்கடியில் கிடக்கும் முன்னுரிமை

குடிநீர், கழிவுநீர் வாரியங்களின் ஆண்டறிக்கைகளைப் படிக்கும் வழக்கம் எனக்கு உண்டு. எந்த நாட்டு அறிக்கையானாலும் புதிய சுத்திகரிப்பு நிலையத்தின் கொள்ளளவு முதல் பக்கங்களிலேயே இடம்பிடித்திருக்கும். அந்த ஆண்டில் எத்தனை கிலோமீட்டர் பழைய குழாய் மாற்றப்பட்டது என்பதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பொதுத்துறை நீர் அமைப்புகளுக்கான அரசுக் கொள்கையில் முதலிடம் எதற்கு என்று கேட்டால், ஏற்கெனவே மண்ணுக்கடியில் கிடப்பதைப் பேணுவதற்கே என்பேன்.

கணக்கு எளியது. குழாயின் ஆயுளை 100 ஆண்டுகள் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், ஆண்டுதோறும் மொத்த நீளத்தில் 1 சதவீதத்தை மாற்றியாக வேண்டும். அரை சதவீதத்தை மட்டும் மாற்றும் வாரியம், தன் குழாய்கள் 200 ஆண்டுகள் உழைக்கும் என்று எங்கும் எழுதாமலேயே நம்பிக்கொண்டிருக்கிறது. இப்படி ஒத்திப்போடுவதால் அடுத்த தேர்தலுக்குள் எதுவும் இடிந்துவிடுவதில்லை என்பதுதான் சிக்கல். குழாய் மாற்றுவதற்குத் திறப்பு விழாவும் கிடையாது. சாலையைத் தோண்டியதற்கான வசவு மட்டுமே மிஞ்சும்.

அனுப்பப்படும் 100 லிட்டரில் 40 லிட்டர் வழியிலேயே கசிந்துவிடும் ஓர் ஊரில், கசிவைப் பாதியாகக் குறைத்தால் வீடுகளைச் சென்றடையும் நீர் 60 லிட்டரிலிருந்து 80 லிட்டராகிறது; புதிய அணையோ ஏரியோ இல்லாமல் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் நீர். அதைவிட முக்கியமானது உடல்நலம். நாளில் சில மணி நேரம் மட்டும் நீர் விடப்படும் குழாய் மற்ற நேரத்தில் அழுத்தமின்றி வெறுமையாகக் கிடக்கும்போது, விரிசல்களின் வழியே அக்கம்பக்கத்துச் சாக்கடை நீர் உள்ளே புகும். சுத்திகரிப்பு நிலையத்தில் எவ்வளவு சுத்தமாக்கி அனுப்பினாலும் கடைசித் தெருவில் அது வீணாகிவிடும்.

இது ஏழை நாடுகளால் ஆகாத காரியம் என்பவர்களுக்குக் கம்போடியத் தலைநகர் நோம்பென் நல்ல மறுமொழி. உள்நாட்டுப் போரில் சிதைந்திருந்த அந்நகரில் 1993ஆம் ஆண்டு, உற்பத்தியான நீரில் 72 சதவீதத்திற்கு வருவாயே வரவில்லை. ஏக் சோன் சான் தலைமையேற்ற அரசு வாரியம் எல்லா இணைப்புகளுக்கும் மீட்டர் பொருத்தியது, திருட்டு இணைப்புகளைத் துண்டித்தது, அரசு அலுவலகங்களிடமும் கட்டணம் கேட்டது. மீட்டர் பொருத்தப் போன இடத்தில் இராணுவ அதிகாரி ஒருவர் தன் தலைக்கு நேரே துப்பாக்கியை நீட்டியதை ஏக் சோன் சானே பிற்பாடு சொல்லியிருக்கிறார். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்த இழப்பு 6 சதவீத அளவுக்கு இறங்கியது. நீர் 24 மணி நேரமும் வந்தது. தனியாருக்கு விற்காமலேயே இது நடந்தது. 1996இல் வாரியத்துக்கு நிதியிலும் பணியாளர் நியமனத்திலும் தன்னாட்சி தரப்பட்டதே இதில் முக்கியமானது என்பது என் கணிப்பு. நீர்க்கட்டணமாக வரும் பணம் பொதுக் கருவூலத்தில் கலந்துவிட்டால், கசியும் குழாய் மற்ற எல்லாச் செலவுகளோடும் வரிசையில் நின்று தோற்றுப்போகும்.

கட்டணத்தை மிகத் தாழ்வாக வைத்திருப்பது ஏழைகளுக்கான சலுகை என்று பரவலாக எண்ணப்படுகிறது. குழாய் இணைப்பே இல்லாதவருக்கு அச்சலுகை போய்ச் சேருவதில்லை. அவர் லாரித் தண்ணீரைப் பல மடங்கு விலைக்கு வாங்குகிறார். பயன்பாடு கூடக் கூட விலையும் கூடும் படிக்கட்டணத்திலும் ஒரு பொறி உண்டு: ஒரே இணைப்பைப் பகிரும் நான்கைந்து குடும்பங்கள் மேல்படிக்குத் தள்ளப்பட்டு, தனிவீட்டுக்காரரைவிட லிட்டருக்கு அதிகம் செலுத்துகின்றன. மானியத்தை மாதக் கட்டணத்தில் தூவுவதைவிட, முதல் இணைப்புக்கான செலவைத் தவணையாக்கியோ தள்ளுபடி செய்தோ உதவுவது நேர்மையானது.

கழிவுநீர் எப்போதும் மாற்றாந்தாய்ப் பிள்ளை. வீட்டுக்குள் வரும் நீரில் ஏறத்தாழ 80 சதவீதம் கழிவுநீராக வெளியேறும் என்றுதான் பொறியாளர்கள் வடிவமைக்கிறார்கள்; எனவே பாதாளச் சாக்கடையைத் திட்டமிடாமல் குடிநீரை மட்டும் பெருக்குவது, இன்றைய வாக்குறுதியை நாளைய ஆற்று மாசாக மாற்றுவதே. இரண்டும் ஒரே வாரியத்தில், ஒரே ரசீதில் இருக்க வேண்டும். நமீபியத் தலைநகர் விண்ட்ஹோக் 1968 முதல் கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிநீரில் சேர்த்துவருகிறது. கழிவுநீரையும் நீர்வளமாகக் கருதும் நிர்வாகத்துக்கே இது கைகூடும்.

பொதுத்துறை என்பதாலேயே எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் 2014ஆம் ஆண்டு செலவைக் குறைப்பதற்காக நீராதாரத்தை ஆற்றுக்கு மாற்றியவர்கள், அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருளைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களின் ஈயம் குடிநீரில் கரைந்தது. அரசே உரிமையாளராகவும் கட்டணம் நிர்ணயிப்பவராகவும் கண்காணிப்பாளராகவும் இருக்கும் இடத்தில், கேள்வி கேட்பதற்கென்று யாரும் எஞ்சுவதில்லை. கனடாவின் வாக்கர்ட்டன் என்ற சிற்றூரில் 2000ஆம் ஆண்டு, முறையான பயிற்சியற்ற பொறுப்பாளர்கள் குளோரின் அளவைப் பொய்யாகப் பதிவேட்டில் எழுதிவந்தார்கள். கிணற்றில் கலந்த ஈ.கோலை கிருமியால் 7 பேர் இறந்தார்கள், 2,000க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். விசாரணைக்குப் பிறகு ஒன்டாரியோ மாகாணம் நீர்நிலையப் பணியாளர்களுக்குப் பயிற்சியையும் உரிமத்தையும் கடுமையாக்கியதோடு, குடிநீரின் பாதுகாப்பில் உரிய அக்கறை காட்டத் தவறும் நகரமன்ற உறுப்பினர்களைத் தனிப்பட்ட முறையில் தண்டிக்கவும் சட்டத்தில் இடம் வைத்தது.