ஒரு வட்டிலிருந்து ஓர் அலுவலகம்

கிருஷ்ணகிரியில் ஒரு மாம்பழக்கூழ் ஆலையின் அலுவலகத்திற்கு ஒரே மாதிரியான புதிய கணினிகள் வந்திறங்கியபோது, ஒவ்வொன்றிலும் விண்டோஸ், டேலி, தமிழ் எழுத்துரு, பிரிண்டர் டிரைவர் எனத் தனித்தனியாக நிறுவுவதைவிட, ஒன்றை முழுமையாகத் தயார்செய்து அதன் வட்டைப் படியெடுப்பதே சரியென்று முடிவு செய்தேன்.

படியெடுப்பதற்கு குளோன்ஜில்லா போதும். தைவானில் உருவான இந்தக் கட்டற்ற மென்பொருள் பென்டிரைவிலிருந்தே இயங்கும். இலக்கு வட்டு மூல வட்டைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. எது மூலம், எது இலக்கு என்று அது கேட்கும் இடத்தில், திரையில் தெரியும் வட்டின் வரிசை எண்ணை வட்டில் ஒட்டியுள்ள எண்ணோடு ஒப்பிட்ட பிறகே தொடர வேண்டும். மாற்றித் தேர்ந்தெடுத்தால் தயார்செய்த வட்டே அழிந்துபோகும்.

உண்மையான கவனம் அதற்கு முன்பே தேவை. அப்படியே படியெடுத்தால் எல்லாக் கணினிகளும் ஒரே பெயரையும் ஒரே பாதுகாப்பு அடையாள எண்ணையும் தாங்கி வந்து, நெட்வொர்க்கில் ஒன்றோடொன்று மோதும். அதனால்தான் விண்டோஸில், படியெடுப்பதற்கு முன் இந்த அடையாளங்களை நீக்கிவைக்கும் சிஸ்பிரெப் என்ற கருவி இருக்கிறது. அதில் 'ஜெனரலைஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து, கணினி அணைந்ததும் மீண்டும் விண்டோஸுக்குள் நுழையாமல், நேராகப் பென்டிரைவிலிருந்து தொடங்கிப் படியெடுக்க வேண்டும். வட்டைக் குறியாக்கம் செய்து பூட்டும் பிட்லாக்கர் இயங்கிக்கொண்டிருந்தால் சிஸ்பிரெப் பாதியிலேயே நின்றுவிடும் என்பதால், முதலில் அதை முழுமையாக அணைத்துவிடுவது நல்லது.

வட்டைப் படியெடுப்பதால் உரிமம் பெருகுவதில்லை. கணினியோடு வரும் ஓஇஎம் உரிமம் இவ்வாறு படியெடுத்து நிறுவும் உரிமையைத் தருவதில்லை. அதற்கு, நிறுவனங்கள் மொத்தமாக வாங்கும் வால்யூம் உரிமம் வேண்டும். இதை முதலாளியிடம் விலைப்புள்ளி கொடுக்கும்போதே எழுத்தில் சொல்லிவிடுகிறேன்.