அமெரிக்க விடுதலைப் போர்: மெயின்ஸுக்கு நான் படித்த விதம்

தமிழ் வழியில் யுபிஎஸ்சி மெயின்ஸ் எழுதியவன் நான். டெஸ்ட் சீரிஸில் (மாதிரித் தேர்வுத் தொடரில்) சேர்ந்த புதிதில் ஒரு கேள்வி வந்தது. அன்றைக்கு உலகிலேயே வலிமையான கடற்படை வைத்திருந்த பிரிட்டனை, சொந்தமாக ஒரு முறையான படைகூட இல்லாத அமெரிக்காவின் 13 குடியேற்றங்கள் எப்படித் தோற்கடித்தன? 15 மதிப்பெண். தெரிந்த கேள்விதானே என்று பேனாவை எடுத்தேன். 1765 முத்திரைச் சட்டம், 1767 டவுன்ஷெண்ட் சட்டங்கள், 1773 பாஸ்டன் தேநீர் விருந்து, கடலில் கொட்டிய 342 பெட்டிகள் என்று மளமளவென்று எழுதிப் பக்கத்தை நிரப்பினேன். கிடைத்தது 4. திருத்தியவர் ஓரத்தில் எழுதியிருந்தார்: "ஏன் சண்டைக்குப் போனார்கள் என்று கேட்கவில்லை. எப்படி ஜெயித்தார்கள்?"

பதில் என்னிடம் இல்லை. நான் வைத்திருந்த நோட்ஸில் காரணங்களுக்கு ஆறு பக்கம், போருக்கு நான்கு வரி. உங்கள் நோட்ஸையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

மறுநாள் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் ஒரு அட்லஸை விரித்துக்கொண்டு, பிரிட்டிஷ் படை பிடித்த ஊர்களைப் பென்சிலால் ஒரு தாளில் குறித்தேன். 1776இல் நியூயார்க், 1777 செப்டம்பரில் பிலடெல்பியா, 1778 டிசம்பரில் சவானா, 1780 மே மாதம் சார்ல்ஸ்டன். சார்ல்ஸ்டனில் மட்டும் ஏறக்குறைய 5,000 பேர் சரணடைந்தார்கள். அந்தத் தாளை மட்டும் பார்த்தால் ஜெயித்தது பிரிட்டன்தான். பிலடெல்பியாவில்தான் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் சபையான காங்கிரஸ் கூடிக்கொண்டிருந்தது. அந்த ஊர் விழுந்தும் போர் முடியவில்லை. உறுப்பினர்கள் யார்க் என்ற சின்ன ஊருக்குப் போய்க் கூட்டத்தைத் தொடர்ந்தார்கள். பிடித்தால் எல்லாம் முடிந்தது என்று சொல்லக்கூடிய ஊர் ஒன்றுகூட அந்த நாட்டில் இல்லை. லண்டனிலிருந்து ஒரு உத்தரவு கடல் தாண்டி வரவே மாதக்கணக்கில் ஆனது. பிடித்த ஊரில் காவல் வைத்தால் அடுத்த ஊருக்கு அனுப்ப ஆள் குறைந்தது.

அமெரிக்கப் படையின் தலைமைத் தளபதி வாஷிங்டனைப் பற்றியும் என் எண்ணம் அன்றுதான் மாறியது. பெரிய சண்டைகளில் அவர் தோற்றதுதான் அதிகம். 1776 ஆகஸ்டில் லாங் ஐலண்டில் செம அடி. ஆனால் ஒரே இரவில், மூடுபனி மறைவில், சுமார் 9,000 பேரை ஆற்றைக் கடத்திக் கூட்டிப்போய்விட்டார். அந்த வருடக் கடைசியில் பலருடைய படைச்சேவைக் காலம் டிசம்பர் 31உடன் முடிய இருந்தது. படையே கரைந்துபோகும் நிலை. கிறிஸ்துமஸ் இரவில் பனிக்கட்டி மிதக்கும் டெலவேர் ஆற்றைக் கடந்து, ட்ரெண்டனில் பிரிட்டனுக்காக இருந்த ஜெர்மன் கூலிப்படையில் சுமார் 900 பேரைப் பிடித்தார். ராணுவக் கணக்கில் சின்ன வெற்றிதான். படை கலையாமல் நின்றது என்பதுதான் அதன் மதிப்பு. என் விடையின் முதல் வரியாக பிறகு இதைத்தான் வைத்தேன்: பிரிட்டனுக்கு வெற்றி தேவைப்பட்டது, வாஷிங்டனுக்குப் படை அழியாமல் இருந்தாலே போதும்.

அடுத்தது சரடோகா. இங்கே கொஞ்சம் நின்று படியுங்கள். கனடாவிலிருந்து தெற்கே இறங்கிய பிரிட்டிஷ் தளபதி பர்காயின், நியூயார்க்கிலிருந்து இன்னொரு பிரிட்டிஷ் தளபதி ஹோவின் படையும் வடக்கே வரும் என்று நம்பினார். ஹோ பிலடெல்பியாவைப் பிடிக்கப் போய்விட்டார். லண்டன் இரண்டு திட்டத்துக்கும் தலையாட்டியிருந்தது! 1777 அக்டோபர் 17 அன்று சரடோகாவில் பர்காயின் ஏறக்குறைய 6,000 பேரோடு சரணடைந்தார். அதுவரை வெடிமருந்தை மறைமுகமாக அனுப்பிக்கொண்டிருந்த பிரான்ஸ், 1778 பிப்ரவரியில் வெளிப்படையாகவே கூட்டணி ஒப்பந்தம் போட்டது. 1779இல் ஸ்பெயினும் பிரிட்டன்மீது போர் தொடுத்தது. 1780 முடிவதற்குள் ஹாலந்தும் எதிரியானது.

தெற்கில் கிரீன் என்ற அமெரிக்கத் தளபதியை யாரும் விடையில் எழுதுவதில்லை, எனக்கு அது வருத்தம். "சண்டை போடுகிறோம், அடி வாங்குகிறோம், எழுந்து மறுபடி சண்டை போடுகிறோம்" என்று கடிதம் எழுதிய ஆள் அவர். 1781 மார்ச்சில் கில்ஃபோர்டில் பிரிட்டிஷ் தளபதி காரன்வாலிஸ் அவரை ஜெயித்தார். ஆனால் சுமார் 1,900 பேரில் 500க்கும் மேற்பட்டோரைச் சாவிலும் காயத்திலும் இழந்தார். மிஞ்சிய படையோடு கடற்கரையைத் தேடிப் போனவர் கடைசியில் யார்க்டவுனில் மாட்டினார். செப்டம்பர் 5 அன்று, யார்க்டவுனுக்குக் கடல் வழியான செசபீக் வளைகுடா வாயிலில் பிரெஞ்சுக் கப்பற்படை பிரிட்டிஷ் கப்பல்களைத் திருப்பி அனுப்பியது. நிலத்தில் வாஷிங்டனும் பிரெஞ்சுத் தளபதி ரோஷாம்போவும் சூழ்ந்துகொண்டார்கள். அக்டோபர் 19 அன்று 7,000க்கும் மேற்பட்டோர் சரண். பிரிட்டிஷ் கடற்படை அழிந்துவிடவில்லை. ஒரே ஒரு வளைகுடாவில், சில வாரங்களுக்கு மட்டும் அதன் கை ஓங்கவில்லை, அவ்வளவுதான். "பிரெஞ்சு உதவி" என்ற இரண்டு வார்த்தைக்குப் பதில் இதை எழுதினால் திருத்துபவர் கண்ணில் படும்.

எனக்குச் சொந்த ஊர் கடலூர். இந்தப் போரைத் தேடிக்கொண்டே போனபோது என் ஊரே அதில் வந்து நின்றது. 1778இல் பிரான்ஸ் இறங்கியதும் பிரிட்டிஷார் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த புதுச்சேரியைப் பிடித்தார்கள். 1779இல் அதேபோல மாஹேயைப் பிடித்தார்கள். ஹைதர் அலிக்கு அது பெரிய கோபம். இரண்டாம் மைசூர்ப் போருக்கு மாஹே ஒரு காரணம் என்று பள்ளியிலிருந்தே மனப்பாடம் செய்திருக்கிறேன், ஆனால் மாஹேவை ஏன் பிடித்தார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. டச்சுக்காரர்கள் நாகப்பட்டினத்தை 1781இல் இழந்ததும் இதே போரில்தான். 1783 ஜூன் 20 அன்று கடலூருக்கு எதிரே கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரனும் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஹியூஸும் மோதினார்கள். ஐரோப்பாவில் ஜனவரியிலேயே பூர்வாங்க சமாதானம் கையெழுத்தாகிவிட்டது. சேதி இங்கே வந்து சேர ஜூன் கடைசி ஆனது. தூரம் ஒரு பேரரசை என்ன பாடுபடுத்தும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. யார்க்டவுனில் தோற்ற காரன்வாலிஸ்தான் 1786இல் இங்கே கவர்னர் ஜெனரலாக வந்து, 1793இல் நிரந்தர நிலவரித் திட்டம் கொண்டுவந்தவர்.

இன்னொன்று. எல்லாருக்கும் விடுதலை கிடைத்தது போல முடிக்காதீர்கள். அந்த 13 குடியேற்றங்களின் சுமார் 25 லட்சம் மக்களில் ஏறக்குறைய 5 லட்சம் பேர் அடிமைகள். தங்களுக்கு விடுதலை தேடி பிரிட்டிஷ் பக்கம் ஓடியவர்கள் அவர்களில் ஆயிரக்கணக்கானோர். ஒரு வாக்கியம் போதும்.

எழுதும்போது 15 மார்க்குக்கு 11 நிமிடம்தான். கடற்கரைக் கோடு ஒன்றை வரைந்து சரடோகா, நியூயார்க், யார்க்டவுன் மூன்றையும் புள்ளி வைத்தால் அரை நிமிடம் ஆகும். பெயர்களை ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதிப் பழகுங்கள். நான் ஒரே விடையில் சரடோகா, சாரட்டோகா என்று இரண்டு விதமாக எழுதியிருக்கிறேன்.

எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்? பொது அறிவு முதல் தாளில் 2013இல் இந்தப் புரட்சி வணிகவாதத்துக்கு (குடியேற்றங்களின் வணிகத்தைத் தாய்நாட்டின் லாபத்துக்கே கட்டிப்போடும் கொள்கைக்கு) எதிரான பொருளாதாரக் கிளர்ச்சியா என்ற கோணத்தில் கேட்டார்கள். 2019இல் பிரெஞ்சுப் புரட்சியோடு சேர்த்து, நவீன உலகுக்கு அடித்தளம் போட்டதைப் பற்றிக் கேட்டார்கள். இரண்டிலும் போர்க்களத்துக்கு நேரடி வேலை இல்லை. அதனால் வரலாறு விருப்பப்பாடமாக இருந்தால் ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இரண்டு நாள். மூன்றாம் நாள் பிரான்ஸுக்குப் போய்விடுங்கள். இந்தப் போருக்காக அது வாங்கிய கடனிலிருந்தே 1789 பிரெஞ்சுப் புரட்சியைத் தொடங்கலாம்.