அந்தத் திருட்டுப் பிரதியில் இருந்த சப்டைட்டில்

சின்னப் படங்களை விநியோகிக்கும் ஒரு குழுவில் சில வருடம் வேலை பார்த்தேன். விநியோகம் என்றதும் தியேட்டரை நினைத்துவிட வேண்டாம். ஃபிலிம் சொசைட்டி, கல்லூரி அரங்கு, யாராவது வெள்ளைத் துணி கட்டிக் காட்டும் இடம், அவ்வளவுதான் எங்கள் எல்லை.

தியேட்டருக்குப் படம் டிசிபி என்ற டிஜிட்டல் சினிமா வடிவத்தில் போகும். நூறு, இருநூறு ஜிபி வரும், அதைத் திறக்க கேடிஎம் என்று ஒரு டிஜிட்டல் சாவி வேறு. குறிப்பிட்ட சர்வரில், குறிப்பிட்ட நாள் நேரத்துக்குள் மட்டும்தான் அந்தச் சாவி வேலை செய்யும், நேரம் தாண்டிவிட்டால் படம் கையில் இருந்தும் இல்லாத மாதிரிதான். எங்களிடம் படம் கேட்பவர்களிடம் ஒரு புரொஜெக்டரும் பழைய லேப்டாப்பும் இருந்தாலே பெரிய விஷயம் என்பதால் எம்பி4 கோப்பாகவே கொடுத்துவிடுவோம். பூட்டு கிடையாது. கொடுத்த அன்றே கையை விட்டுப் போய்விட்டது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அப்படித்தான் ஒரு படம் டோரன்ட்டில் வந்துவிட்டது. யார் வழியாகக் கசிந்தது என்று தேடுவதிலேயே ஒரு வாரம் போனது, கண்டுபிடிக்கவும் முடியவில்லை. இயக்குநர் போனையே எடுக்கவில்லை. அவர் கோபம் நியாயம்தான், இணையத்தில் ஏற்கெனவே கிடைக்கும் படத்தைப் பல விழாக்கள் போட்டிக்கு எடுப்பதில்லை.

கடைசியில் அந்தப் பிரதியை நானே இறக்கிப் பார்த்தேன் (வேலைக்காகத்தான்!). அதில் எங்கள் ஆங்கில சப்டைட்டில் இல்லை. முகம் தெரியாத யாரோ உட்கார்ந்து புதிதாக எழுதியிருந்தார். படத்தில் பாட்டி சொல்லும் ஒரு பழமொழியை நாங்கள் மொழிபெயர்க்க முடியாமல் முழுங்கியிருந்தோம். இவர் அதை அழகாகக் கொண்டுவந்திருந்தார். இரண்டு பேர் மாறி மாறிச் சண்டை போடும் இடத்தில் எங்கள் வரிகள் படிப்பதற்குள் ஓடிவிடும், இவருடையது நின்று நிதானமாகப் போனது. முதலில் எரிச்சல் வந்தது. அப்புறம் வெட்கம்.

தியேட்டருக்கு வெளியே படம் கைமாறுவது ஒன்றும் புதிதல்ல. நைஜீரியாவில் 1990களில் வீடியோ கேசட் வியாபாரிகளே படத்துக்குப் பணம் போட்டு, நேராகக் கேசட்டாக விற்றுத்தான் ஒரு சினிமாத் தொழிலே எழுந்தது. கியூபாவில் வாரா வாரம் ஹார்ட் டிஸ்க் கைமாறித்தான் பலர் புதுப் படம் பார்த்தார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும், கூட்டங்களில் பேசியும் இருக்கிறேன். நம் படம் கசியும்போது மட்டும் அந்த ஞானமெல்லாம் எங்கே போனதோ.

அந்த சப்டைட்டில் எழுதியவரைத் தேடிப் பிடித்து, அந்த வரிகளை நாங்கள் பயன்படுத்தலாமா என்று கேட்டோம். கோப்பை அனுப்பினார், பணம் வேண்டாம், பெயரும் போட வேண்டாம் என்றார். இயக்குநருக்கு விஷயத்தை எழுதினோம். இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு ஒரே வரி வந்தது: "சரி, பாட்டி பேசுற இடத்துல கை வெச்சிடாதீங்க."