எத்தனாவது மாடி?

நங்கநல்லூரிலிருந்து கூடுவாஞ்சேரிக்கு வீடு மாறுகிறோம். பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸைக் கூப்பிடுவதா, நாமே வண்டி பிடிப்பதா என்று வீட்டில் ஒரு வாரமாகப் பட்டிமன்றம். நேற்றுதான் தீர்ப்பு வந்தது.

பேக்கர்ஸ் ஆட்கள் முதலில் வந்தார்கள். ஒரு தம்பி, கையில் போனோடு வீட்டை வலம் வந்து வீடியோ எடுத்தார். சமையலறை அலமாரியைத் திறக்கவே இல்லை. வாசலில் நின்றபடியே "பாத்திரம் ஆறு கார்ட்டன்" என்று எழுதிக்கொண்டார். எங்கள் அத்தையின் பித்தளைச் சாமான்களுக்கு மட்டுமே ஆறு பெட்டி வேண்டும். மொத்தம் பதினேழாயிரம், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. நான் முகம் சுளித்ததும், "பில் வேண்டாம்னா ஜிஎஸ்டி விட்டுடலாம் மேடம்" என்றார். சலுகை மாதிரிதான் கேட்கிறது. ஆனால் பில் இல்லாமல் நாளைக்கு டிவி உடைந்தால் எதைக் காட்டி நஷ்டஈடு கேட்பது? இன்ஷூரன்ஸ் தனி. அதிலும் நாமே கட்டிய பெட்டிக்குள் எது உடைந்தாலும் அவர்கள் பொறுப்பில்லை என்று நிபந்தனையில் பொடி எழுத்தில் இருந்தது. ஏசியைக் கழற்றி மாட்ட வெளியிலிருந்து மெக்கானிக் வருவாராம், அந்தக் கூலியும் நம் தலையில். கேஸ் சிலிண்டரை ஏற்ற மாட்டார்களாம்.

அடுத்து, தெருமுனை ஸ்டாண்டில் நிற்கும் வண்டிக்காரரிடம் பேசினேன். எங்கே போகணும் என்று கேட்பார் என நினைத்தால், "எத்தனாவது மாடி அக்கா?" என்றார். இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. "படி திரும்புற இடம் அகலமா இருக்குமா? பீரோ ஸ்டீலா, மரமா? அங்க எந்த மாடி?" இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஊர் பெயரையே கேட்டார். பேக்கர்ஸ் தம்பி படிக்கட்டைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

அப்போதுதான் எனக்குக் கணக்கு விளங்கியது. சென்னைக்குள் வீடு மாற்றுவதில் தூரம் பெரிய விஷயமே இல்லை. ஜிஎஸ்டி சாலையில் (இது வரி இல்லை, கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு) இருபது, இருபத்தைந்து கிலோமீட்டருக்கு டீசல் எவ்வளவு ஆகிவிடும்? காசு கேட்பது படிக்கட்டு. பீரோவை அந்தத் திருப்பத்தில் நிமிர்த்திப் பிடித்து இறக்கத் தெரிந்த ஆள் வேண்டும். அதைத் தவிர மற்ற வேலைக்கெல்லாம் பதினேழாயிரம் கொடுக்க எனக்கு மனசில்லை.

என் வீட்டுக்காரருக்கு வேறொரு திட்டம் இருந்தது. "ஆபீஸ் பசங்க நாலு பேர் வரேன்னு சொல்றாங்க, லோடுமேன் எதுக்கு?" அந்த நாலு பேரில் ஒருவருக்கு முதுகில் டிஸ்க் பிரச்சினை. இன்னொருவர் தண்ணீர் கேன் தூக்கியே நான் பார்த்ததில்லை. கூலி வாங்குகிறவரிடம் "அண்ணா, பார்த்து, செவுத்துல இடிக்குது" என்று சொல்லலாம். சும்மா உதவிக்கு வந்தவர் ஃப்ரிட்ஜ் கதவை நசுக்கினால் சிரித்துக்கொண்டே பிரியாணி பரிமாற வேண்டும். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

வண்டி விஷயத்துக்கு வருகிறேன். எல்லோரும் குட்டி யானை என்பார்கள். டாடா ஏஸ் 2005-ல் வந்ததிலிருந்து தமிழ்நாட்டில் பாதிப் பேர் வீடு மாறியது அதில்தான் இருக்கும். ஆனால் அதன் தொட்டி ஏறக்குறைய ஏழடி நீளம்தான், ஐந்தடிக்கும் குறைந்த அகலம். கட்டில், பீரோ, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் உள்ள வீட்டுக்கு இரண்டு நடை அடிக்க வேண்டும். அதைவிட அசோக் லேலண்ட் தோஸ்த் வண்டி தேவலை, ஒன்றேகால் டன் தாங்கும். வண்டிக்கு நாலாயிரம், லோடுமேன் மூன்று பேருக்கு ஆளுக்கு ஆயிரத்து இருநூறு, டீயும் மதியச் சாப்பாடும் நம் பொறுப்பு என்று பேசி முடித்தாயிற்று.

விலை இவ்வளவு இறங்கியதற்கு ஆடி மாதம் ஒரு காரணம். ஆடியில் யாரும் வீடு மாறுவதில்லை, வண்டிகள் சும்மா நிற்கின்றன. ஆவணி முகூர்த்த நாளில் இதே வண்டி கிடைப்பதே கஷ்டம். நாங்கள் ஆனி முடிவதற்குள் புது வீட்டில் பால் காய்ச்சி, உப்பு, மஞ்சள், அரிசி, ஒரு குடம் தண்ணீர் எல்லாம் வைத்து விளக்கேற்றிவிட்டு வந்துவிட்டோம். அதற்குப் பிறகு சாமான் எப்போது போனாலும் தோஷமில்லை என்பது அத்தையின் சட்டம். ஆனியும் ஆகாது என்பவர்கள் உண்டு. "வாடகை வீட்டுக்கு அவ்வளவு பார்த்தா நடுத்தெருவுலதான் நிக்கணும்" என்று அத்தையே சொல்லிவிட்டார்கள். கிழமையும் அவர்கள் தேர்வுதான்: பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காதாம். எனக்கும் புதன் சௌகரியம். வெள்ளி மாலை என்றால் ஊருக்குப் போகும் கூட்டத்தில் தாம்பரம் தாண்டி வண்டலூர், கிளாம்பாக்கம் பக்கம் வண்டி நகராது.

பெட்டி கட்டுவது முழுக்க நான்தான். மெடிக்கல் ஷாப் அட்டைப்பெட்டிகள் அளவாக இருக்கின்றன, மளிகைக் கடைப் பெட்டியில் கரப்பான் வரும். ஃப்ரிட்ஜை நிற்க வைத்தே ஏற்ற வேண்டும். படுக்க வைத்தால் கம்ப்ரெசர் எண்ணெய் குழாய்க்குள் ஏறிவிடும். இன்வெர்ட்டர் பேட்டரியும் அப்படித்தான், சாய்ந்தால் ஆசிட் வழியும். ஏசியை மட்டும் முந்தின நாளே மெக்கானிக் வந்து, கேஸை வெளி யூனிட்டுக்குள் இழுத்து அடைத்துவிட்டுக் கழற்றுவார்.

பேக்கர்ஸே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் தம்பி புனே போனபோது அவர்கள் இல்லாமல் முடிந்திருக்காது. அதிலும் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும்: நம் சாமான் மட்டும் போகும் தனி வண்டியா, பலர் சாமான் சேர்ந்து போகும் வண்டியா? சேர்ந்து போனால் விலை குறையும், ஆனால் வழியில் குடோனில் இறக்கி வேறு லாரியில் ஏற்றுவார்கள். தம்பியின் டைனிங் டேபிள் கால் போனது அந்த இடத்தில்தான்.

எங்கள் பிளைவுட் கட்டிலைப் பழைய சாமான் கடைக்குத் தள்ளிவிட்டோம். இன்னொரு தடவை கழற்றினால் ஸ்க்ரூ பிடிக்காது என்று ஆசாரி கைவிரித்துவிட்டார். அத்தையின் அம்மியையும் அதோடு அனுப்பலாமா என்று வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். அத்தை பதிலே சொல்லவில்லை, அதனால் அம்மி வருகிறது.

தோஸ்த்காரருக்கு ஐநூறு ரூபாய் அட்வான்ஸ் ஜிபேயில் போட்டுவிட்டேன். அம்மியைப் பற்றி அவரிடம் இன்னும் சொல்லவில்லை.