பென்சிலால் எழுதிய ஒரு பெயர்

யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால் 31ஆம் நாள் அந்தியேட்டி என்ற சடங்கு நடக்கும். கீரிமலையில் கிரியைகளை முடித்து, வீட்டுக்கு வந்து எல்லோருக்கும் சாப்பாடு போட்டு, போகும்போது கையில் ஒரு சின்னப் புத்தகம் தந்துவிடுவார்கள். அட்டையில் நினைவு மலர் என்றிருக்கும். ஊரில் கல்வெட்டு என்றுதான் சொல்வோம். உள்ளே இறந்தவரின் படம், இறந்த திதியைச் சொல்லும் வெண்பா, தேவாரங்கள், வாழ்க்கை வரலாறு, மனைவி மக்களின் புலம்பல், வம்சாவளி, கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். விலை கிடையாது, எந்தக் கடையிலும் கிடைக்காது. ஆறு மாதம் மேசையில் கிடந்துவிட்டு அலுமாரிக்கு மேலே போய்விடும். அப்புறம் கறையானுக்கு.

ஊர் ஆவணங்களை எண்ணிமப்படுத்தும் வேலைக்கு நான் வந்தபோது, இந்தக் கல்வெட்டுகளை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. சனசமூக நிலையத்தின் பின்னறையில் ஒரு ஸ்கானர், ஒரு மடிக்கணினி, நாங்கள் மூன்று பேர். கோயில் கும்பாபிஷேக மலர், பாடசாலை ஆண்டு மலர், பழைய ‘ஈழகேசரி’, ‘ஈழநாடு’ இதழ்கள், இவைதான் எங்கள் பட்டியலில் இருந்தன. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் எங்களுக்கு முன்னால் இருந்த வழிகாட்டி. யாரும் எங்கிருந்தும் காசில்லாமல் படிக்கலாம் என்ற எண்ணமும் அங்கிருந்து வந்ததுதான்.

1981இல் யாழ் பொது நூலகத்தில் எரிந்த ஏறக்குறைய 97,000 நூல்களைப் பற்றி நாங்கள் எல்லோரும் பேசுவோம். பேசத்தான் வேண்டும். ஆனால் 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, யுத்தத்தால் இடம்பெயர்ந்து, யாழ்ப்பாணத்தின் வலிகாமத்துச் சனம் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு கிழக்கே தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, வீட்டுக்கு வீடு விட்டுப்போன காகிதங்களுக்கு ஒரு கணக்கும் இல்லை. காணி உறுதி, சாதகம், கல்யாணப் படம், கல்வெட்டு, எல்லாம் அதற்குள் அடக்கம். திரும்பி வந்தவர்களில் பலருக்குக் கூரையே இருக்கவில்லை. மிஞ்சியது, றங்குப் பெட்டியில் வைத்துச் சுமந்துபோய்த் திரும்பக் கொண்டுவந்தவர்களிடம் மட்டும்தான்.

ஒரு மழைநாளில் வேறு வேலை இல்லாமல், சேர்ந்திருந்த கல்வெட்டுகளை ஆண்டு வரிசையில் அடுக்கினேன். அன்றைக்குத்தான் எனக்குக் கண் திறந்தது. 60களில் இறந்தவர்கள் மலாயா றெயில்வேயில் வேலை பார்த்துப் பென்சனோடு வந்தவர்கள், தென்னிலங்கையில் சுருட்டுக்கடை வைத்திருந்தவர்கள். பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் கொழும்பு, அனுராதபுரம், பதுளை. 80களின் நடுவில் அந்த அடைப்புக்குறிகளுக்குள் ஜேர்மனி, பிரான்ஸ், சுவிஸ் வரத் தொடங்கும். அப்புறம் கனடா. 90களின் தொடக்கத்தில் பொருளாதாரத் தடையால் தாள் கிடைக்காமல், பத்திரிகைகளே கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகின, கல்வெட்டும் அப்படியே. வெண்பாவுக்குக் குறுக்கே நீலக் கோடு ஓடும். ஒரு கிராமம் எங்கிருந்து எங்கே போனது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் ஆவணத்தை நான் பார்த்ததில்லை.

அதிலிருந்து வீடு வீடாகப் போகத் தொடங்கினோம். கொண்டுபோன புத்தகம் திரும்பி வராத அனுபவம் எல்லா வீட்டிலும் இருந்தது. "தம்பி, கொண்டுபோட்டுத் திருப்பித் தருவியளே?" என்று கேட்காத ஆளில்லை. சரி, நாங்கள் கொண்டுபோகவே வேண்டாம் என்று ஸ்கானரை வீட்டுக்கே தூக்கிப்போனோம். விறாந்தையில் வைத்து, அவர்கள் கண் முன்னாலேயே, துருப்பிடித்த கம்பியை மெல்ல நிமிர்த்திக் கழற்றி, பக்கம் பக்கமாக எடுப்போம். கையுறை போடுவதில்லை, பழந்தாளைத் துணி விரலால் புரட்டினால் ஓரம் கிழியும். கழுவித் துடைத்த வெறுங்கைதான் நல்லது. படங்களுக்கு மட்டும் கையுறை.

எல்லாவற்றையும் வெளியே விடலாமா என்பது பெரிய கேள்வி. வம்சாவளியில் உயிரோடு இருப்பவர்களின் பெயர் இருக்கும், சிலதில் முகவரியும் இருக்கும். இலங்கைச் சட்டப்படி எழுதியவரின் பதிப்புரிமை அவர் இறந்து 70 ஆண்டு வரை நிற்கும். அதனால் குடும்பத்திடம் அனுமதிக் கடிதம் வாங்குகிறோம். ஆனால் கடிதம் கொடுத்தவர் சொல்வதை அவருடைய தம்பி ஏற்க வேண்டுமென்றில்லை. ஒரு குடும்பம் எடுத்துவிடச் சொன்னது. மறுபேச்சில்லாமல் எடுத்தோம். உயிரோடு இருப்பவர்களின் முகவரியை இப்போது மறைத்துத்தான் போடுகிறோம். மூலப்படம் மறைக்காமல் எங்களிடம் இருக்கும்.

இனி எங்கள் பிழை. 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியாக, வண்ணத்தில் எடுத்தால், கல்வெட்டு அளவுள்ள ஒரு பக்கம் சுருக்காத டிஃப் படக்கோப்பாக 13 மெகாபைட் வரும். 40 பக்கத்துக்கு அரை ஜிகாபைட். எங்களிடம் இருந்தது ஒரேயொரு வன்தட்டு. எழுத்துத்தானே, இடையில் சாம்பல் நிறமே இல்லாத வெறும் கறுப்பு வெள்ளை போதும் என்று நான் முடிவெடுத்தேன். கோப்பு இருபது மடங்குக்கு மேல் சின்னதாகிவிட்டது. முதல் ஆண்டு முழுக்க அப்படித்தான் எடுத்தோம்.

ஒருநாள் ஓர் ஆச்சி ஆளனுப்பிக் கூப்பிட்டார். கனடாவிலிருக்கும் பேத்தி, ஆச்சியின் தகப்பனாரின் கல்வெட்டை இணையத்தில் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறாள். "ஒரு பேரைக் காணேல்லையாம்" என்றார். மூலத்தை எடுத்து விரித்தார். வம்சாவளியில், அச்சடித்த ஐந்து பிள்ளைகளுக்கும் கீழே, பென்சிலால் ஒரு சின்னக் கோடு இழுத்து ஆறாவதாக ஒரு பெயர். கறுப்பு வெள்ளையில் அந்தச் சாம்பல் நிறக் கோடு வெள்ளையோடு வெள்ளையாகப் போய்விட்டது.

"அவ என்ர தங்கச்சி. மூண்டு வயசில நெருப்புக்காய்ச்சலில செத்துப்போனவ. ஐயாவின்ர கல்வெட்டு அடிக்கேக்க உயிரோட இருக்கிற பிள்ளையளை மட்டும் போட்டுட்டினம். அம்மாதான் பிறகு எழுதினவ."

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அன்று பின்னேரமே ஸ்கானரைக் கொண்டுபோய் வண்ணத்தில் எடுத்தேன். அடுத்த மாதங்களில், முதல் ஆண்டு போன எல்லா வீடுகளுக்கும் திரும்பப் போனோம். அநேகமானவை கிடைத்தன. ஒரு வீட்டில் புதிதாக மாபிள் பதிக்கும்போது பழைய காகிதங்களைக் கூட்டி எரித்துவிட்டார்கள். இன்னொரு வீடு பூட்டிக் கிடக்கிறது. அந்தக் கல்வெட்டுகளில் யாராவது ஓரத்தில் ஏதாவது எழுதியிருந்தார்களா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அது இன்னும் என்னை உறுத்துகிறது.

ஆச்சியின் தங்கச்சியைப் பெயர் அட்டவணையில் சேர்த்தோம். பக்கத்தில் "தாயாரின் கையெழுத்து, பென்சில்" என்று குறிப்பும் போட்டோம். கடைசி இரண்டு எழுத்து தேய்ந்திருந்ததால், தட்டச்சு செய்யுமுன் பக்கத்தைப் பெரிதாக்கிக்கொண்டு அவரிடம் போனேன். கண்ணாடியை எடுத்துத் தரட்டுமா என்று கேட்டேன். அவர் திரையின் பக்கம் திரும்பவேயில்லை. முற்றத்தைப் பார்த்தபடியே பெயரைச் சொன்னார்.